அண்ணாச்சி கேட்டது ஆப்

பதினோரு வருஷம் சென்னை ஓஎம்ஆரில் இஆர்பி (கம்பெனியின் கணக்கு, ஸ்டாக், விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) சப்போர்ட் பார்த்துவிட்டு 2022-இல் பாளையங்கோட்டைக்குத் திரும்பியபோது, கன்சல்டிங் என்றால் நமக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக் காசு வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். மென்பொருள் தெரியும், ஜிஎஸ்டி ஓரளவு தெரியும், ஸ்லைடு போடத் தெரியும், வேறென்ன வேண்டும்? இணையத்தில் பிசினஸ் அனலிசிஸ் வகுப்பு ஒன்றும் முடித்து, சான்றிதழைக் கலரில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். இன்று வரை அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

முதல் வாடிக்கையாளர் ஒரு மளிகை மொத்த வியாபாரி. ஆபீசும் குடோனும் திருநெல்வேலி சிந்துபூந்துறைப் பக்கம். முக்கூடல், ஆலங்குளம், சேரன்மகாதேவி என்று லைன் போட்டுச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது, கட்டாயம் என்று வந்ததே, அந்தப் பதற்றத்தில்தான் என்னைக் கூப்பிட்டார். ஆனால் போய் உட்கார்ந்ததும் பேச்சு வேறு பக்கம் போனது.

"பில்லு வெவகாரத்த ஆடிட்டர் பாத்துக்கிடுவாரு தம்பி. எனக்கு ஒரு ஆப் வேணும். கடைக்காரங்க போன்லயே ஆர்டர் போடணும், அவ்வளவுதான்."

இரண்டு வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து இங்கிலீஷில் 38 பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினேன். இன்றைய நிலை, நாளைய நிலை, நடுவில் உள்ள இடைவெளி, மூன்று வருஷத் திட்டம், வண்ணப் படங்கள். அண்ணாச்சி இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் காலேஜில் படிக்கும் மகளிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கடைசி வரை பார்த்துவிட்டு, என்னை வைத்துக்கொண்டே கேட்டது: "இதுல நம்ம கடை எங்கப்பா இருக்கு?"

இல்லைதான். அட்டையில் பெயர் இருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் சென்னையில் பழைய ப்ராஜெக்ட்டுக்குப் போட்ட சட்டகம். எந்தக் கடைக்கும் பொருந்தும், எந்தக் கடைக்கும் உதவாது. வெட்கமாகிப் போய், ஆறு நாள் கடையில் உட்கார விடுங்கள், காசு வேண்டாம் என்றேன். "சும்மா உக்காந்து என்ன செய்யப் போறிய?" என்று கேட்டார், ஆனால் சரி என்றார்.

கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அவருக்கு அறுபது தாண்டியிருக்கும், அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ பிரபலமாக்கிய 'ஐந்து ஏன்' முறையை (சிக்கலின் வேர் தெரியும் வரை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போவது) வகுப்பில் படித்திருந்தேன் இல்லையா, அதை அவரிடமே இறக்கினேன். கணக்கில் இருக்கும் ஸ்டாக்கும் குடோனில் இருப்பதும் ஏன் ஐயா இடிக்கிறது? பில் தப்பாகிவிடுகிறது. ஏன் தப்பாகிறது? மூன்றாவது ஏன்-இல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "தம்பி, இது கடையா போலீஸ் ஸ்டேஷனா?" என்றார். அன்று மத்தியானம் வரை எனக்கு டீ வரவில்லை. ஏன் என்று கேட்டால் நம் ஊரில் அது குற்றம் சாட்டுவதுபோல் காதில் விழும். மறுநாளிலிருந்து, "இத எனக்கு ஒருக்கா செஞ்சு காட்டுங்க ஐயா" என்று மட்டும் கேட்டேன். கொட்டத் தொடங்கினார்.

நடந்தது இதுதான். காலையில் போனில் வரும் ஆர்டரை அண்ணாச்சி துண்டுச் சீட்டில் எழுதுவார், பெரும்பாலும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம். அதையே இன்னொன்றிலும் எழுதி ஒன்றை லோடுமேனிடம் கொடுப்பார், ஒன்று கணக்குப்பிள்ளைக்கு. அவர் சீட்டைப் பார்த்துப் பில் போடுவார். அங்கே குடோனில் சீனி இரண்டு மூடை என்று சீட்டில் இருக்கும், கையில் ஒன்றுதான் இருக்கும். லோடுமேன் ஒன்றை ஏற்றிவிட்டு, குட்டியானை டிரைவரிடம் வாயால் சொல்லி அனுப்பிவிடுவார். பில்லில் இரண்டு. கடைக்காரர் அடுத்த வாரம் பணம் கொடுக்கும்போது ஒரு மூடையைக் கழித்துக்கொள்வார். அந்தக் கழிவு கம்ப்யூட்டருக்குப் போகாது, கணக்குப்பிள்ளையின் பச்சை அட்டை நோட்டுக்குப் போகும். மாதக் கடைசியில் ஸ்டாக் இடிக்காமல் என்ன செய்யும்? இதன்மேல் ஆப் செய்து வைத்தால் ஆர்டர் மட்டும் அழகாக வந்திருக்கும், அதே தப்பு இன்னும் சீக்கிரமாக நடந்திருக்கும்.

இன்னொன்று சரக்குப் பட்டியல். 2022 ஜூலை 18-இலிருந்து, பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசி பருப்புக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி, அதற்கு மேலே போனால் இல்லை. அதனால்தான் சந்தையில் 26 கிலோ மூடை முளைத்தது. ஒரே புழுங்கல் அரிசி, ஒரு கிலோ வித்தியாசத்தில் ஒன்றுக்கு வரி, ஒன்றுக்கு இல்லை. கம்ப்யூட்டரில் அது 'புழுங்கல்', 'புழுங்கல் பை', 'பு.அரிசி புதுசு' என்று ஐந்து பெயரில் கிடந்தது. கணக்குப்பிள்ளைக்கு எது எது என்று மனப்பாடம். சாயங்காலம் பில் போட வரும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த பெயர்களை ஆயிரத்து முந்நூறாகக் குறைக்க மூன்று வாரம் ஆனது. முழு வேலையிலும் இதுதான் அலுப்பு, இதுதான் முக்கியமும்.

தீர்வு சொன்னால் சிரிப்பீர்கள். லோடு ஏற்றிய பிறகு பில். ஏற்றியதை லோடுமேன் சீட்டில் பேனாவால் டிக் போட வேண்டும். மென்பொருள் செலவு பூஜ்யம். ஆனால் ஒருத்தரும் பேனாவைத் தொடவில்லை. டிக் போட்டால் குறைகிற சரக்கைத் தங்கள் கூலியில் பிடிப்பார்கள் என்று பயந்திருக்கிறார்கள், அதை என்னிடம் சொல்லவில்லை, டிரைவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பிடிக்க மாட்டேன் என்று அண்ணாச்சி குடோன் வாசலில் எல்லார் முன்னாலும் ஒருமுறை சொன்னார், மறுநாள் டிக் விழுந்தது. வேலையில் யார் யாருக்குச் சம்பந்தம் என்று பார்க்கும் ஸ்டேக்ஹோல்டர் அனாலிசிஸ் என்று கட்டம் கட்டமாகப் படம் போட்டுப் படித்தேனே, அதில் லோடுமேன் என்று ஒரு கட்டம் இல்லவே இல்லை.

அப்புறம்தான் தமிழில் ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினேன். செய்வது மூன்று, செய்யாதது நான்கு. செய்யாததை எழுதி வைப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு. இல்லையென்றால் "அப்படியே அந்த சிசிடிவியையும் பாத்துருங்க" என்று ஆரம்பித்து, மச்சினன் வீட்டு பிரிண்டர் வரை போய் நிற்கும். டீ வாங்கிக் கொடுத்தவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

நான் கோட்டை விட்டதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. தாமிரபரணி ஆறு ஜங்ஷன் பக்கமெல்லாம் ஏறி வந்தது, ஆபீஸ் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருந்தது, பேக்கப் பென்டிரைவ் அதே மேஜை டிராயரில் இருந்தது. என் 38 பக்கத்தில் 31-ஆம் பக்கம் பேக்கப் பற்றித்தான். எழுதினேனே தவிர, அது எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (போன மாத விற்பனைக் கணக்கு) போடுவதற்காக, 9-ஆம் தேதி ஆடிட்டருக்கு அனுப்பிய நகல் ஒன்று இருந்தது, அது பிழைத்தது. அதன் பிறகு ஒரு வாரம் காலி. இ-இன்வாய்ஸ் போட்ட பில்களைப் போர்ட்டலில் இருந்து எடுத்துவிட்டோம். வரியில்லாத மூடைச் சரக்கு, ஜிஎஸ்டி எண் இல்லாத சின்னக் கடைகள், திரும்பி வந்த சரக்கு, கழிவு, இதெல்லாம்?

கணக்குப்பிள்ளை டவுனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மஞ்சப்பையில் பச்சை நோட்டை எடுத்து வந்தார். அக்டோபரிலேயே, இனி இந்த நோட்டு வேண்டாம் ஐயா, எல்லாம் சிஸ்டத்திலேயே வந்துவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டியிருந்தார். இப்போது ஒன்றும் பேசவில்லை, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டி, "பதினொண்ணாந் தேதி, எழுதுங்க" என்றார். இரண்டு நாளில் முடித்தோம்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை பேக்கப்பை என் லேப்டாப்பில் ஏற்றித் திறந்து பார்க்கிறோம். அவர் நோட்டிலிருந்து மூன்று கடையைச் சொல்வார், நான் பாக்கியை வாசிப்பேன், சரியாக இருந்தால் பென்சிலால் ஒரு கோடு போடுவார்.

அண்ணாச்சி இன்னமும் ஆப் எப்போது என்று கேட்கிறார். தொடர்ந்து மூன்று மாதம் ஸ்டாக் இடிக்காமல் இருந்தால் ஆரம்பிக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் சரியாக வந்தது. போன மாதம் சீனி ஒரு மூடை குறைகிறது.