ஃப்ரீவே மாடலுக்குள் வண்டி எண்ணிக்கையை ஏற்றிய கதை

சாலையில் பதித்த டிடெக்டர் கருவி எண்ணித் தருவது ஓரிடத்தைக் கடந்துபோன வண்டிகளை. சாலையைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மாடலுக்கு வேண்டியதோ கடக்க வந்த வண்டிகள். சாலை தாராளமாக ஓடும்வரை இரண்டும் ஒரே எண்தான். நெரிசல் தொடங்கியதும் இரண்டும் பிரிந்துவிடும். அதைக் கவனிக்காமல் எண்ணை எக்செல்லிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால், தினமும் மாலையில் வண்டிகள் ஊர்ந்துபோகும் சாலை மாடலில் தடையில்லாமல் ஓடும். கலிஃபோர்னியாவின் ஐ-80 ஃப்ரீவே வேலையில் எனக்கு அதிக நேரம் பிடித்த விஷயம் இதுதான். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதும் இதைப் பற்றித்தான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மாடல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. எமரிவில்லின் பவல் தெருவில் தொடங்கி, ஆஷ்பி, யூனிவர்சிட்டி, கில்மன் ராம்ப்களை (ஃப்ரீவேயில் ஏறி இறங்கும் வழிகளை) கடந்து, ஆல்பனியில் ஐ-580 பிரிந்த பிறகு சென்ட்ரல், கார்ல்சன் என்று போகும் ஐ-80. மாலை நேரம், பே பிரிட்ஜ் பாலத்தைத் தாண்டி வீடு திரும்புகிறவர்களின் திசை. மென்பொருள் ஜெர்மனியின் பிடிவி நிறுவனத்துடைய விஸ்ஸிம். சாலையை வரைவதை வேறொருவர் பார்த்துக்கொண்டார். வால்யூம், அதாவது வண்டி எண்ணிக்கை, முழுக்க என் பொறுப்பு.

குழப்பம் திசையிலேயே ஆரம்பிக்கும். பெர்க்லி கரையோரம் ஐ-80, ஐ-580 இரண்டும் ஒரே சாலை. அங்கே வடக்கு நோக்கிப் போகும் வண்டி, பலகைப்படி ஐ-80 கிழக்கிலும் இருக்கிறது, ஐ-580 மேற்கிலும் இருக்கிறது. கோப்பின் பெயரில் 'மேற்கு' என்று மட்டும் இருந்தால் எந்தச் சாலையின் மேற்கு என்று கேட்டே ஆக வேண்டும். அதனால் எங்கள் கோப்புகளில் வடக்கே போவதற்கு 'ரிச்மண்ட் பக்கம்', தெற்கே போவதற்கு 'பாலத்துப் பக்கம்' என்று இரண்டே பெயர்கள். சாலையில் ஓர் இடத்தைச் சொல்லும் மைல் எண்ணான போஸ்ட்மைலிலும் இதேபோல ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் கவுண்டி எல்லை தாண்டினால் போஸ்ட்மைல் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அலமேடா கவுண்டி முடிந்து கான்ட்ரா கோஸ்டா ஆரம்பிக்கும் இடம் எங்கள் மாடலுக்கு உள்ளேயே வருகிறது. அப்சல்யூட் போஸ்ட்மைல் என்று தொடர்ச்சியாக ஓடும் இன்னொரு எண் இருக்கிறது. டிடெக்டர்களை அதன்படி வரிசைப்படுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எண்ணிக்கை வந்தது பெம்ஸிலிருந்து. கலிஃபோர்னியா மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ் நடத்தும் தரவுக் கிடங்கு அது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. சாலைக்குள் பதித்த கம்பிச் சுருள்கள், 30 நொடிக்கு ஒரு முறை எத்தனை வண்டி போனது, எவ்வளவு நேரம் சுருள்மேல் வண்டி நின்றது என்று அனுப்பும். அது 5 நிமிடத் தொகுப்பாக நமக்குக் கிடைக்கும். இலவசம், யாரும் கணக்குத் தொடங்கிப் பார்க்கலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எத்தனை சதவீதம் நேரில் அளந்தது என்று சொல்லிவிடுவது. அளக்க முடியாத இடத்தைப் பெம்ஸ் பக்கத்து டிடெக்டர்களையும் பழைய தரவையும் வைத்து நிரப்பும். நிரப்பிய எண்ணும் பார்ப்பதற்கு அளந்த எண் மாதிரியேதான் இருக்கும். அந்தச் சதவீதத்தைப் பார்க்காமல் ஒரு நெடுவரிசையைக்கூட நான் எடுப்பதில்லை.

நாட்களைத் தேர்ந்தெடுக்கும்போது செவ்வாய், புதன், வியாழன் மட்டும். பள்ளி விடுமுறை, மழை, விபத்து உள்ள நாட்களை விலக்கினேன். நெடுஞ்சாலை ரோந்து போலீஸ் பதிவுசெய்யும் சம்பவங்களும் பெம்ஸிலேயே இருப்பதால் அதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. மிஞ்சிய நாட்களின் சராசரியை எடுக்கலாமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாள் நெரிசல் 3 மணிக்கும் இன்னொரு நாள் மூன்றரைக்கும் தொடங்கினால், சராசரியில் வருவது எந்த நாளும் நடக்காத ஒரு மாலை. சராசரிக்கு மிக அருகில் இருந்த ஒரு நிஜ நாளைத் தேர்ந்தெடுத்து அதையே வைத்துக்கொண்டோம்.

அப்புறம் ராம்ப்கள். மெயின்லைனில், அதாவது பிரதான சாலையில், டிடெக்டர்கள் நெருக்கமாக இருக்கும்; இறங்கும் ஆஃப்-ராம்ப்களில் எல்லா இடத்திலும் இருக்காது. இல்லாத இடத்தில், ராம்ப்புக்கு முன் உள்ள மெயின்லைன் எண்ணிலிருந்து ராம்ப்பைத் தாண்டியதும் உள்ளதைக் கழித்தால் ராம்ப் வால்யூம் கிடைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. கணக்கு சரிதான், ஆனால் ஆபத்தானது. மெயின்லைனில் மணிக்கு 8,000 வண்டி என்று வையுங்கள். டிடெக்டர் 2 சதவீதம் தவறினால் அது 160 வண்டி. மெயின்லைனுக்கு 160 ஒரு பொருட்டில்லை. ஆனால் 400 வண்டி போகும் ராம்ப்புக்கு அது கிட்டத்தட்ட பாதி. அதனால் டிடெக்டர் இல்லாத ராம்ப்களில் வீடியோ வைத்து எண்ணிவிட்டு, அந்த எண்ணை நிலையாக வைத்துக்கொண்டு மெயின்லைனைத்தான் அதற்கேற்பச் சரிசெய்தேன். பொதுவாகவே, எந்த எண்ணை நம்புகிறோம், எதை அசைக்கலாம் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால்தான் சமன்படுத்தும் வேலை முடியும். உள்ளே வந்தது, வெளியே போனது எல்லாம் கூட்டிக் கழித்தால் கடைசி டிடெக்டரில் சரியாக நிற்க வேண்டும். ஒரு ராம்ப்பைத் தொட்டால் அதைத் தாண்டி வரும் அத்தனை எண்களும் நகரும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு லேனில் மணிக்கு 1,500 வண்டி என்பது 65 மைல் வேகத்திலும் வரும், 20 மைல் வேகத்திலும் வரும். முதலாவதில் ஒரு மைலுக்கு 23 வண்டி இருக்கும், இரண்டாவதில் 75. எண்ணிக்கை ஒன்றுதான்; சாலையின் நிலை முற்றிலும் வேறு. ஆகவே வேகத்தைப் பக்கத்தில் வைக்காமல் வால்யூமை வாசிக்கவே கூடாது.

திருச்சியில் படித்துவிட்டு எங்கள் குழுவில் சேர்ந்த ஒரு தம்பி, நான் போட்டிருந்த எண்களைப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டார்: "அண்ணா, எண்ணினது 7,600. நாமளா 8,400 போட்டா, தரவை மாத்தின மாதிரி ஆகாதா?" நல்ல கேள்வி. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்களை மட்டும் எண்ணினால் வாசலில் காத்திருந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், அவ்வளவுதான் என்றேன். அவருக்கு அது போதவில்லை. சரி என்று பலகையில் எண்களாகவே போட்டுக் காட்டினேன்.

நான்கு லேன் உள்ள ஓர் இடுக்கு. மணிக்கு 7,600 வண்டிக்கு மேல் அதனால் விட முடியாது. முதல் மணி நேரத்தில் 8,400 வண்டி வருகிறது. 7,600 கடக்கிறது, 800 பின்னால் வரிசையில் நிற்கிறது. அடுத்த மணி நேரத்தில் 6,800 மட்டுமே வருகிறது. ஆனால் நிற்கும் 800ம் சேர்வதால் மறுபடியும் 7,600 கடக்கிறது, வரிசை கரைகிறது. டிடெக்டர் இரண்டு மணி நேரமும் 7,600, 7,600 என்று சொல்லும். கூட்டினால் 15,200. வந்தவர்களைக் கூட்டினாலும் 8,400ம் 6,800ம் சேர்ந்து அதே 15,200. புதிதாக ஒரு வண்டியைக்கூட நாம் சேர்க்கவில்லை. எந்த நேரத்தில் வந்தது என்பதைத்தான் சரியான இடத்தில் வைக்கிறோம். 7,600, 7,600 என்று போட்டால் வரிசையே உருவாகாது. வரிசை இல்லாத மாடலை வைத்துக்கொண்டு ஒரு லேன் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

இதிலிருந்தே இன்னொரு விதியும் வருகிறது. கூட்டுத்தொகை பொருந்த வேண்டுமானால் சிமுலேஷன் நெரிசலுக்கு முன்பே தொடங்கி, அது முழுதாகக் கரைந்த பிறகுதான் முடிய வேண்டும். பீக் ஹவர் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தால் கணக்கு நடுவில் அறுந்துவிடும்.

வந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், வரிசையின் வால் எட்டாத இடம்வரை பின்னால் போக வேண்டும். பெம்ஸ் தரும் வேக வரைபடத்தில் நேரம் ஒரு பக்கம், போஸ்ட்மைல் ஒரு பக்கம். வேகம் குறைந்த இடம் கறையாகத் தெரியும். அந்தக் கறைக்கு வெளியே உள்ள டிடெக்டரில் எண்ணியதும் வந்ததும் ஒன்றே. அங்கிருந்து எடுத்து, பயண நேரத்துக்கு ஏற்ப நகர்த்தி, நடுவில் உள்ள ராம்ப்களைக் கூட்டிக் கழித்து இடுக்குவரை கொண்டுவந்தேன். ஏறும் ஆன்-ராம்ப்களிலும் இதே சிக்கல்தான், ஏனென்றால் ஐ-80இல் வண்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் ராம்ப் மீட்டர்கள் இருக்கின்றன. சிவப்பு-பச்சை விளக்கைத் தாண்டிய வண்டியைத்தான் அங்குள்ள டிடெக்டர் சொல்லும். விளக்குக்குப் பின்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அறிய, ராம்ப் தொடங்கும் தெருமுனையில் எண்ண வேண்டியிருந்தது.

எண்கள் தயாரானதும் விஸ்ஸிமில் ஏற்றுவது சின்ன வேலை, ஆனால் மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும். முதலாவது, வெஹிக்கிள் இன்புட் அட்டவணையில் இடைவெளி எத்தனை நிமிடமானாலும் எண் எப்போதும் மணிக்கு இத்தனை வண்டி என்ற கணக்கில்தான். 15 நிமிடத்தில் 1,950 வண்டி எண்ணியிருந்தால் போட வேண்டியது 7,800. 1,950 என்றே போட்டாலும் மென்பொருள் எதுவும் சொல்லாது. நான்கில் ஒரு பங்கு வண்டிகளோடு மாடல் ஓடும். இரண்டாவது, புது இடைவெளி சேர்க்கும்போது முந்தையதன் எண்ணையே தொடரும்படி ஒரு குறி தானாக விழுந்திருக்கும். கையாலோ பைத்தான் நிரல் வழியாகவோ ஏற்றும்போது, அந்தக் குறியை எடுத்த பிறகுதான் புது எண்ணை எழுத வேண்டும். மூன்றாவது, ஓட்டம் முடிந்ததும் வரும் பிழைக் கோப்பு. உள்ளே நுழைய இடமில்லாமல் இத்தனை வண்டி வெளியே நின்றுவிட்டன என்று அதில் இருந்தால், நாம் போட்ட எண் மாடலுக்குள் வரவே இல்லை என்று அர்த்தம். நுழைவு லிங்க்கை, அதாவது மாடலின் முதல் சாலைத் துண்டை, பின்னோக்கி நீட்டினால் வரிசை மாடலுக்குள்ளேயே நிற்கும்.

கனரக வண்டிகளின் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓக்லாந்தில் கிராண்ட் அவென்யூ முதல் சான் லியாண்ட்ரோ எல்லைவரை ஐ-580இல் 4.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குத் தடை. அவை ஐ-880க்குப் போய்விடும். பக்கத்துச் சாலைதானே என்று ஐ-580இன் அந்தப் பகுதியிலிருந்து லாரி சதவீதத்தை எடுத்து ஐ-80க்குப் போட்டால், துறைமுகத்து லாரிகள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். லாரி ஒன்று குறைந்தால் ஏற்றத்திலும் இணையும் இடத்திலும் அதன் விளைவு தெரியும். அதனால் இந்தப் பங்கை ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனியாகவே வைத்தேன்.

பாதை ஒதுக்கீட்டில் ஒன்று மட்டும். ஒவ்வொரு ஆஃப்-ராம்ப்புக்கு முன்னாலும் இத்தனை சதவீதம் வெளியேறு என்று போடுவது சுலபம். ஆனால் அப்போது ஆஷ்பியில் ஏறிய வண்டி அடுத்த யூனிவர்சிட்டியிலேயே இறங்கும். அப்படிப் போகிறவர்கள் நிஜத்தில் குறைவு. கீழே உள்ள தெருவிலேயே போய்விடுவார்கள். வீணான லேன் மாற்றங்கள் பெருகி, இல்லாத இடத்தில் நெரிசல் முளைக்கும். நுழைவிலிருந்து வெளியேறும் ராம்ப்வரை முழுப் பாதையாகக் கொடுத்த பிறகுதான் இது ஒழுங்குக்கு வந்தது.

சரிபார்க்க ஜி.இ.எச். லண்டனில் 1970களில் ஜெஃப்ரி ஹேவர்ஸ் வகுத்த அளவு. அவர் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயர். மாடல் எண்ணுக்கும் நிஜ எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தை இரட்டித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விஸ்கான்சின் மாநில ஃப்ரீவே மாடல்களுக்காக எழுதி, 2004இல் அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கையேட்டில் எடுத்துக்காட்டாக வந்த அளவுகோல்படி, 85 சதவீதத்துக்கு மேற்பட்ட இடங்களில் இது 5க்குக் கீழே இருக்க வேண்டும். 8,000க்கு 7,600 வந்தால் 4.5, தேறிவிடும். 400க்கு 300 வந்தால் 5.3, தேறாது. இதுவே மெயின்லைன், ராம்ப் இரண்டையும் ஒரே அளவில் பார்க்க உதவுகிறது. ஆனால் ஜி.இ.எச். மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. வரிசையே இல்லாத தவறான மாடலும் அதில் நன்றாகத் தேறும், ஏனென்றால் கடந்த எண்ணிக்கை பொருந்திவிடுகிறதே. அதனால் ரேண்டம் சீட்டை (மாடலின் தற்செயல் எண்கள் தொடங்கும் எண்ணை) மாற்றி மாற்றி ஓட்டி, சராசரி வேக வரைபடத்தை பெம்ஸ் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். கறை தொடங்கும் நேரம், பின்னால் நீளும் தூரம், கரையும் நேரம் மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் வால்யூம் அட்டவணையைப் பூட்டினேன்.

அந்த அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு கட்டங்கள்: அளந்தது, எங்கே அளந்தது, மாடலில் போட்டது, ஏன் மாறியது. சரிபார்க்க வந்தவர்கள் எண்ணிக்கைக்கும் மாடலுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கேட்டபோது அந்தக் கடைசிக் கட்டத்தையே வாசித்துக் காட்டினோம். தம்பிக்குப் பலகையில் போட்ட கூட்டல் அதில் அப்படியே இருந்தது. ஏற்றுக்கொண்டார்கள். இப்போது காலை நேரத்துக்கான எதிர்த் திசையை ஆரம்பித்திருக்கிறோம். அங்கே பே பிரிட்ஜ் சுங்கச் சாவடியைத் தாண்டி மீட்டரிங் விளக்குகள் இருக்கின்றன. இடுக்கு எங்கள் மாடல் எல்லைக்கு வெளியே, வரிசை உள்ளே. முதல் வேலையாக எல்லையைப் பாலத்துப் பக்கம் நீட்டச் சொல்லியிருக்கிறேன்.