எட்டு மாத நோட்டு

"அங்கிள், நான் ஊசிக்கு ரெடியா?"

டர்பன் சாட்ஸ்வொர்த் ஜிம்மில் இன்று சாயங்காலம் ஒரு பையன் கேட்டான். தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு ஊசியைத்தான் சொல்கிறான். வயது 19. எடை தூக்க ஆரம்பித்து எட்டு மாதம்.

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு செட்டும் எழுதியிருக்கிறான். அப்புறம் தேதி மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. கடைசியாக எழுதிய ஸ்குவாட் 70 கிலோ.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். டீ என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

அந்த ஊசியில் இருப்பது டெஸ்டோஸ்டிரோன், ஆண் ஹார்மோன். அதை வெளியிலிருந்து ஏற்றினால், விதைகளுக்கு மூளை அனுப்பும் உத்தரவு நின்றுபோகும். விந்தணு குறையும். ஊசியை விட்ட பிறகும் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடங்கள். நல்ல கொழுப்பு இறங்கும், இதயச் சுவர் தடிக்கும். இது எதுவும் கண்ணாடியில் தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் இது ஷெட்யூல் 5 மருந்து, டாக்டர் சீட்டு வேண்டும். ஜிம் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறவனுடைய குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

ஊசி போட ஐந்து வருடம் எடை தூக்கியிருக்க வேண்டும், 25 வயது தாண்டியிருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். வயது ஏறிவிட்டால் இதயம் பிழைத்துக்கொள்ளுமா? எந்தக் கணக்கு வைத்தாலும் நான் யாருக்கும் 'ரெடி' என்று சொல்ல மாட்டேன்.

இவனுக்கு வளர வேண்டிய தசை இன்னும் எவ்வளவோ இருக்கிறது. சோறும் தூக்கமும்தான் குறை.

நாளைக்கு நாலு முட்டை சாப்பிட்டுவிட்டு வா என்றேன்.

சரி என்றான். நோட்டை பெஞ்சிலேயே விட்டுப் போய்விட்டான். எடுத்து வைத்திருக்கிறேன்.