உறைந்த இறாலில் இறால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

நாகப்பட்டினத்தில் இருந்தவரை நாங்கள் இறாலை எடை போட்டு வாங்கியதாக எனக்கு நினைவில்லை. கூடையோடு வாசலுக்கு வரும் மீன்கார அம்மா கூறு வைப்பார், என் அம்மா ஒரு கூறுக்கு இரண்டு இறால் கூடுதலாகக் கேட்டு வாங்குவார், அத்துடன் வியாபாரம் முடிந்துவிடும். இப்போது நான் வசிக்கும் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பகல் முழுவதும் கார் ஓட்ட வேண்டும். ஆகவே இங்கு இறால் என்றால் உறைந்த இறால்தான், ஆனால் இதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்த இரண்டு ஆண்டுகளும் பெரிய கடைகளின் மீன் பகுதியில் பனிக்கட்டியின் மேல் பரப்பி வைத்திருந்த இறாலையே கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் விலைச்சீட்டின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் 'முன்பு உறைய வைக்கப்பட்டது' என்று இருந்ததைப் படித்தேன். அதே உறைந்த இறாலைக் கடைக்காரர் தமக்கு வசதியான நேரத்தில் உருக்கி வைத்திருக்கிறார், அது உருகி எத்தனை நாளாயிற்று என்பதை வாங்குகிறவர் அறிய வழியில்லை. உருக்கும் நேரத்தை நானே முடிவு செய்வதுதான் நல்லது என்று அன்றிலிருந்து உறைந்த இறாலைப் பையாக வாங்கத் தொடங்கினேன்.

பையில் முதலில் பார்க்க வேண்டியது எந்த நாட்டு இறால், வளர்ப்பா கடலில் பிடித்ததா என்பது. வேகவைக்காத, மாவு பூசாத இறாலுக்கு இதை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது அமெரிக்காவில் 2005 முதல் நடப்பில் இருக்கும் விதி. பல பைகளில் இந்தியா என்று இருக்கும். மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரையைச் சேர்ந்த வன்னாமெய் இறாலை வளர்க்க இந்திய அரசு 2009-இல் அனுமதி கொடுத்தது. அதற்கு முன் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் வளர்த்தது வரி இறால், 1990-களின் நடுவில் வந்த வெள்ளைப்புள்ளி நோய் அதை அழித்துப் பல குடும்பங்களைக் கடனில் தள்ளியது. இந்தப் பையில் இருப்பது வேதாரண்யத்துக் குட்டையில் வளர்ந்த இறாலாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும், ஆனால் நேர்மையாகச் சொன்னால் ஆந்திரத்து இறாலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பையின் மேல் இருக்கும் 21/25, 41/50 என்ற எண்கள் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை இறால் நிற்கும் என்பதைக் குறிப்பவை. எண் குறையக் குறைய இறால் பெரிது. வறுவலுக்கு 21/25 எடுப்பேன். சுரைக்காயோடோ முருங்கைக்காயோடோ குழம்பாக்க 41/50 போதும், பெரிய இறாலைக் குழம்பில் போடுவது வீண் செலவு.

இனி தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் உறைந்த இறால் கெட்டுப்போவதும் ருசிப்பதும் பெரும்பாலும் தண்ணீரால்தான். உறைந்த இறாலைக் குளிர்ந்த நீரில் முக்கியெடுத்து அதன்மேல் மெல்லிய பனிப்பூச்சு படரவிடுகிறார்கள். குளிரில் சதை உலர்ந்து வெண்திட்டு விழாமல் காப்பது அந்தப் பூச்சு என்பதால் அதில் குற்றமில்லை. நிகர எடையில் அதைச் சேர்க்கக் கூடாது என்பது விதி, ஆனாலும் புதிய கடை ஒன்றில் வாங்கினால் முதல் பை இறாலைப் பனிப்பூச்சு நீங்கிய பின் வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுவேன். எனக்குக் கோபம் வருவது சதைக்குள் ஏற்றும் தண்ணீர்மேல்தான். பின்பக்கத்துப் பொருள் பட்டியலில் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்று இருந்தால், அந்த இறால் தன் இயல்புக்கு மேல் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று கொள்ளலாம். அதை வாணலியில் போட்டால் வறுபடாமல் தன் தண்ணீரிலேயே வேகும், மசாலாவும் ஒட்டாது. 'இறால், உப்பு' என்று மட்டும் உள்ள பையைத் தேடி எடுங்கள். கறுப்புப் புள்ளி வராமல் இருக்கச் சல்பைட் சேர்ப்பதும் உண்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அந்தச் சொல்லையும் பட்டியலில் தேட வேண்டும். பையைத் தடவிப் பார்க்கும்போது இறால்கள் தனித்தனியே உருள வேண்டும். ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்து, உள்ளே பனித்தூள் நிறைந்திருந்தால், நடுவில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

ஓடு நீக்கி, இளஞ்சிவப்பாக வேகவைத்து விற்கும் இறாலை நான் தொடுவதில்லை, குழம்பில் அது இரண்டாம் முறை வெந்து ரப்பராகிவிடும். ஓட்டோடு, முதுகு மட்டும் கீறிய இறாலே என் தேர்வு. ஓடு சதையைக் காக்கிறது, குடலை எடுப்பதும் எளிது.

முதல் நாள் இரவே வடிதட்டில் பரப்பி, அடியில் ஒரு கிண்ணம் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் உருகும் நீர் தானாக வடிந்துவிடும். மறந்துவிட்டால், இறாலைக் காற்றுப் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். வெந்நீர் வேண்டாம், மேற்புறம் வெந்து உள்ளே உறைந்தே கிடக்கும். உரித்துக் குடல் எடுத்த பிறகு ஒரே ஒருமுறை அலசி, காகிதத் துண்டில் நன்றாக ஒற்றி எடுங்கள். ஊரில் மஞ்சள் போட்டு மூன்று நான்கு தண்ணீரில் அலசிய பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஒற்றிய இறாலில் உப்பும் மஞ்சளும், அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் பிசறிக் கால்மணி நேரம் வைத்தால் கடிக்கும்போது சதை மொறுகலாக நிற்கும். சோடா செய்வதும் ஏறக்குறைய அந்தப் பாஸ்பேட் செய்யும் வேலைதான். ஆனால் இங்கே அளவு என் கையில் இருக்கிறது, தண்ணீருக்கு நான் காசு கொடுக்கவுமில்லை.

தொக்கு செய்தால் வெங்காயமும் தக்காளியும் சுருண்டு எண்ணெய் பிரிந்த பிறகே இறாலைப் போட வேண்டும், அதற்குப் பின் மூன்று நான்கு நிமிடம் போதும். தொலைபேசியில் அம்மா கொடுத்த அளவு இதைவிடச் சுருக்கம்: "பிறை மாதிரி வளைஞ்சா எறக்கிடும்மா, வளையமா சுருட்டிக்கிச்சுன்னா போச்சு."

உரித்த ஓடுகளை ஒரு பையில் சேர்த்து மறுபடி உறையறையிலேயே வைத்திருக்கிறேன். இரண்டு கைப்பிடி சேர்ந்ததும் நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து, நீர் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, அந்தச் சாற்றில் புளியைக் கரைத்து முருங்கைக்காய்க் குழம்பு வைப்பேன். முருங்கைக்காயும் இங்கே உறைந்ததுதான் கிடைக்கிறது, அதற்கு மட்டும் நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.