கோட்டைச் சுவரில் மீதிக் கதை

நம் வரலாறு சார் ஒரு பாடத்தையும் மணி அடிப்பதற்குள் முடித்ததில்லை. "மீதி கோட்டையில" என்பார். சாயங்காலம் தரங்கம்பாடி ராஜவீதி வழியாகக் கோட்டைக்கு ஓடிப்போய், கடலைப் பார்த்த சுவர் ஓரம் இடம் பிடிப்போம்.

1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களான டேனியருக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்ததும், 1845-இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றதும் எல்லாருக்கும் தெரியும். சார் சொன்னது நடுவில் நடந்த கதை. 1642-இல் முகலாயர்மேல் போர் என்று அறிவித்துவிட்டு, டேனியர் வங்காளக் கப்பல்களை மடக்கத் தொடங்கினார்கள். அப்புறம் டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவதே நின்றுபோனது. 1650-இல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியையும் கலைத்துவிட்டார்கள். 1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சிய டேனியர் ஒரே ஒருவர்: எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண மனிதர். கப்பம் கட்டாததால் நாயக்கர் படை திரும்பத் திரும்ப வந்து முற்றுகையிட்டது. அவரோ கடலில் பிடித்த கப்பல்களின் சரக்கை விற்று, அந்தப் பணத்தில் கோட்டையைப் பழுதுபார்த்தார், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் ஒருவழியாக டென்மார்க் கப்பல் வந்தபோது, கோட்டையில் அவர்கள் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது.

கேட்கக் கேட்க எங்களுக்கு அவர் பெரிய வீரராகிவிட்டார். அரையாண்டுத் தேர்வில், 'கொங்ஸ்பக்கே வணிகம் செய்து கோட்டையைக் காத்தார்' என்று எழுதினேன். விடைத்தாளின் ஓரத்தில் சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'யாருடைய சரக்கை விற்று?'

அன்று சாயங்காலம் அதே கதையை மறுபடி சொன்னார். இந்தத் தடவை பிடிபட்ட கப்பலில் இருந்த ஒரு மாலுமியின் வாயால். துணி மூட்டையும் அரிசியும் ஏற்றிக் கிளம்பியவன், வீட்டில் வழி பார்த்திருக்கும் பெண்டாட்டி, திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கும் வெள்ளைக்காரக் கப்பல். மாலுமி சார் கற்பனையில் பிறந்தவன்தான். ஆனால் அப்படி எத்தனை பேர் நிஜமாக இருந்திருப்பார்கள்! எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கடற்கொள்ளை என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது.

போன டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தேன். அதே சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கதையும் சொன்னேன். மாலுமி பேசும் இடத்தில் சாரின் வார்த்தைகள் பாதிதான் நினைவுக்கு வந்தன. நம் செட்டில் யாருக்காவது மீதி நினைவிருந்தால் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். அடுத்த மலரில் முழுசாகப் போட்டுவிடலாம்.