பனடோல் கணக்கு

சிறுபோக வெயிலில் வயலில் நிற்கும்போது தண்ணீர் பளிச்சென்று கண்ணில் அடித்தால் போதும், வலக்கண்ணுக்குப் பின்னால் இடிக்கத் தொடங்கும். பிறகு குமட்டிச் சத்தி, கதவைச் சாத்திப் படுக்கை. வெயில் பட்ட தலையிடி என்று அம்மா தேசிக்காய் கரைத்துத் தருவார். நான் அதோடு பனடோல், அதுதான் பரசிட்டமோல், இரண்டும் போடுவேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

கிளிநொச்சிக் கிளினிக்கில் விடியவே நம்பர் எடுத்து, பதினொரு மணிக்குத்தான் உள்ளே போனேன். இது மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலையிடி. டொக்டர் முதலில் கேட்டது குளிசைக் கணக்கை. மாதத்தில் 15 நாளோ கூடவோ பனடோல் போட்டால், அதுவே தலையிடியைக் கொண்டுவரும் என்றார். என் கணக்கு இருபதைத் தாண்டியிருந்தது.

“மூளைக்கு நோகாது தம்பி, அதன் உறைக்குத்தான் நோகும்” என்று சொல்லி மருந்துத் துண்டின் பின்பக்கம் படம் கீறினார். முகத்துக்கு உணர்வு கொடுக்கும் ட்ரைஜெமினல் நரம்பின் கிளைகள் அந்த உறையில் உள்ள இரத்தக் குழாய்களையும் சுற்றி நிற்கின்றன. நரம்பு கிளர்ந்தால் அதன் நுனி சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளை விடும், குழாய் விரியும். ஆனால் விரிவுதான் முழு நோவும் என்று இப்போது யாரும் சொல்வதில்லையாம், நரம்பின் கிளர்ச்சிதான் பெரிய பங்கு. அவர் எழுதித் தந்த சுமாட்ரிப்டான் என்ற குளிசை விரிந்த குழாயைச் சுருக்கும், நரம்பு நுனி அந்தப் பொருளை விடுவதையும் அடக்கும். எனக்கு விளங்கியது வயல்காரன் கணக்கில்தான்: பனடோல் வெள்ளத்தை இறைக்கிறது, இது குளத்து மதகுத் துருசைப் பூட்டுகிறது.

குழாயைச் சுருக்கும் மருந்து என்பதால் இருதய வருத்தக்காரருக்குக் கொடுக்கமாட்டார்கள். எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தலையிடி வராமல் தடுக்க ப்ரொப்ரனோலோல் என்ற குளிசை எழுதுமுன் முட்டு, அதாவது ஆஸ்துமா, இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார், அதுவும் நல்லதுக்குத்தான்.

பனடோலை நிறுத்திய முதல் வாரம்தான் நரகம். வயலுக்குப் போகவே இல்லை. வீட்டில் எல்லோரும் டொக்டரைத் திட்டினார்கள், நானும்தான்.

கிளிநொச்சியில் கிடைக்காமல் வவுனியாவில் வாங்கிய சுமாட்ரிப்டானை முதல் தடவை பிந்திப் போட்டேன், சத்தியோடு போய்விட்டது. தலையிடி வந்தால் இரைப்பையும் மந்தமாகும், குளிசை இறங்காது என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த தடவை இடி தொடங்கிய உடனே போட்டேன். நெஞ்சு கொஞ்சம் இறுகியது, பயந்துபோனேன். அது தானாக விட்டது. இரண்டு மணித்தியாலத்தில் எழும்பி யன்னலைத் திறந்தேன்.

இப்போது சட்டைப்பையில் ஒரு குளிசை, சுவர்க் கலண்டரில் குளிசை போட்ட நாளுக்குப் பேனைக் கோடுகள். போன மாதம் நான்கு கோடு. அம்மா இன்னமும் தேசிக்காய் கரைக்கிறார், குடிக்கிறேன்.