டச்சு காதில் ஏற வேண்டுமா? எந்த நிகழ்ச்சி, எத்தனை நிமிடம், கையில் என்ன வேலை

நெதர்லாந்தில் ஆறேழு மாதம் டச்சு வகுப்புக்குப் போனவர்களுக்கெல்லாம் ஒரே குறைதான். புத்தகத்தில் படித்தால் புரிகிறது, கடைக்காரர் வாயைத் திறந்தால் புரியவில்லை. உடனே யாராவது "டிவி பாருங்க, ரேடியோ கேளுங்க" என்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று சொல்லமாட்டார்கள். சமையலறையில் நாள் முழுக்க ரேடியோவை ஓடவிட்டால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒட்டாது. புரியாத பேச்சைக் காது சில நிமிடங்களில் ஒதுக்கிவிடும், மின்விசிறிச் சத்தத்தை ஒதுக்குகிற மாதிரி. தினமும் இருபது நிமிடம் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து கேட்டால் போதும், அதுதான் காதில் ஏறும்.

முதலில் ஒரு பொறி. நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் டப்பிங் செய்யும் வழக்கம் இல்லை. ஆங்கிலம் ஆங்கிலமாகவே ஓடும், கீழே டச்சில் வசனம் வரும். அதைப் பார்த்துவிட்டு "இரண்டு மணி நேரம் டச்சு படித்தேன்" என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு. கண்ணுக்குக் கொஞ்சம் சொற்கள் சேரும், காதுக்கு ஒன்றுமில்லை. டப்பிங் உள்ளது சின்னப் பிள்ளைகளுக்கான கார்ட்டூன்களில்தான். கதை ஏற்கெனவே தெரிந்த கார்ட்டூன் என்றால் அது நல்ல பயிற்சி. குரல் ஸ்டுடியோவில் பதிவானது, பின்னணி இரைச்சல் இல்லை, வாக்கியமும் சின்னது.

வகுப்பில் ஏ2 நிலையை (தொடக்கப் படிகளில் இரண்டாவது) தொட்டவர்கள் தொடங்க வேண்டிய இடம் யோஹ்ட்ஷூர்னால், அதாவது பொது ஒலிபரப்பின் செய்தி நிறுவனமான என்ஓஎஸ் நடத்தும் சிறுவர் செய்தி. 1981 முதல் வருகிறது. மாலைப் பதிப்பு ஏறக்குறைய இருபது நிமிடம். (டச்சு 'ஜி' எழுத்தின் அந்தத் தொண்டை ஒலியைத் தமிழில் எழுத வழியில்லை, இங்கே 'ஹ' என்றே போட்டிருக்கிறேன்.) பெரியவர்களுக்கான எட்டு மணிச் செய்தி, உங்களுக்கு முந்தைய நாள் அரசியல் தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசும். சிறுவர் செய்தியோ அமைச்சரவை கவிழ்ந்தால் அமைச்சரவை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் அந்த விளக்கம் தேவைதானே. சிறுவர் நிகழ்ச்சி பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு என்ஓஎஸ்ஸின் எளிய மொழிச் செய்தி இருக்கிறது. பெரியவர்களுக்கான விஷயங்களையே குறைந்த வேகத்தில், சின்ன வாக்கியங்களில் சொல்வார்கள். 1988 முதல் வரும் ஹெட் க்ளொக்ஹௌஸ் இன்னொரு நல்ல தேர்வு. பெரும்பாலும் ஒரு பகுதிக்கு ஒரே தலைப்பு என்பதால் அதே பத்துப் பதினைந்து சொற்கள் திரும்பத் திரும்ப வரும். செசாம்ஸ்ட்ராட் மழலையருக்கானது. அதைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஒரு வாரத்தில் சலித்துப்போய்ப் பழக்கமே நின்றுவிடும்.

வசனம் வேண்டுமென்றால் ரிமோட்டில் டெலிடெக்ஸ்ட் பொத்தானை அழுத்தி 888. காது கேளாதவர்களுக்கான டச்சு வசனம் அது. இணையத்தில் பார்த்தால் திரையிலேயே வசனத்துக்கான பொத்தான் இருக்கும். ஆனால் அந்த வசனத்தை அப்படியே நம்பக்கூடாது. படிக்க நேரம் போதாது என்பதால் பேச்சைச் சுருக்கித்தான் போடுவார்கள். ஒருவர் "கொம் மார் ஏஃபன் பின்னன், ஹோர்" (கொஞ்சம் உள்ளே வாங்களேன்) என்பார், திரையில் "கொம் பின்னன்" என்று மட்டும் இருக்கும். 'மார்', 'ஏஃபன்', 'ஹோர்', 'டொஹ்' போன்ற குட்டிச் சொற்கள்தான் முதலில் வெட்டுப்படுகின்றன. 'வாங்களேன்' என்பதில் வரும் நம் 'ஏன்', அப்புறம் 'தானே' மாதிரி பேச்சின் தொனியைத் தாங்குபவை அவை, தெருவில் காதில் விழுவதும் அவைதான். நேரலை நிகழ்ச்சியில் இன்னொரு தொல்லை: வசனம் சில நொடி பின்தங்கி வரும், கண் ஒரு வாக்கியத்திலும் காது அடுத்த வாக்கியத்திலும் நிற்கும். ஆகவே வசனத்தோடு பயிற்சி செய்ய முன்பே பதிவான நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடத்தில் செய்யும் வேலை இது. ஒரே ஒரு செய்தித் துணுக்கை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று நிமிடம் போதும். முதல் தடவை வசனம் இல்லாமல் பாருங்கள். யார், எங்கே, என்ன ஆயிற்று என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள், தப்பானாலும் பரவாயில்லை. இரண்டாம் தடவை வசனத்தோடு. தெரியாத சொற்களில் ஐந்துக்கு மேல் குறிக்காதீர்கள், முப்பது சொல் குறித்தால் முப்பதும் மறந்துபோகும். பிறகு அதே துணுக்கில் இருபது நொடியை மட்டும் பிடித்து, நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே டச்சில் எழுதுங்கள். செய்தி வேகத்தில் அது ஏறக்குறைய ஐம்பது சொல் வரும். எழுதி முடித்து வசனத்தோடு ஒப்பிட்டுவிட்டு, கடைசியாக வசனத்தை அணைத்து இன்னொரு முறை கேளுங்கள்.

எழுதும் கட்டத்தில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். கேட்டபடி எழுதிய சொல் அகராதியில் இருக்காது. அதற்குச் சில நிலையான காரணங்கள் உண்டு. சொல்லின் கடைசியில் நிற்கும் மென்மையான ஒலி வல்லொலியாகிவிடும். நாய்க்கான சொல் 'டைகர்' என்பதன் முதல் ஒலியோடு முடிவதாகக் கேட்கும், எழுத்திலோ 'டாலர்' என்பதன் முதல் எழுத்து இருக்கும். ஆம்ஸ்டர்டாம் பக்கத்துப் பேச்சில் 'வி' எழுத்து 'எஃப்' போலவும், 'இசட்' எழுத்து 'எஸ்' போலவும் ஒலிக்கும், ஆகவே எஃப்-பில் கிடைக்காத சொல்லை வி-யில் தேடுங்கள். 'எய்' ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டு, 'அவ்' ஒலிக்கும் இரண்டு. ஒன்றில் இல்லையென்றால் மற்றதில் இருக்கும். வினைச்சொல்லின் கடைசி 'ன்' பேச்சில் விழுந்துவிடும்: 'லோபன்' என்று எழுதி 'லோபெ' என்பார்கள். இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், அகராதியில் கிடைக்காத சொற்கள் வெகுவாகக் குறையும். ஃபான் டாலெயின் இலவச இணைய அகராதி இதற்குப் போதும்.

இன்னொரு வகைச் சிக்கல், சொற்கள் ஒட்டிக்கொள்வது. 'டாட் இஸ்' பேச்சில் 'டாஸ்' ஆகும், 'ஹேஃப்ட் ஹெய்' 'ஹேஃப்டீ' ஆகும், 'நாட்யூர்லக்' தலையிழந்து 'ட்யூர்லக்' ஆகும், 'ஏஃபன்' 'எஃபெ' ஆகும். செய்தி வாசிப்பவர் இப்படி அதிகம் பேசமாட்டார், அதே செய்தியில் பேட்டி கொடுக்கும் ஆள் பேசுவார். ஆகவே முதல் இரண்டு மாதம் வாசிப்பவர் பகுதியை எழுதுங்கள், பிறகு பேட்டிப் பகுதிக்குப் போங்கள்.

தமிழ்க் காதுக்கு ஒரு சலுகையும் உண்டு. டச்சு வாக்கியத்தில் முக்கியமான வினை பல நேரம் கடைசியில்தான் வரும். "காவல்துறை நேற்றிரவு ரோட்டர்டாமில் இரண்டு ஆண்களை..." என்று ஓடிக்கொண்டே போய், கடைசிச் சொல் 'ஆன்ஹெஹவ்டன்' என்றால் கைது செய்திருக்கிறார்கள், 'ஃப்ரெய்ஹெலாட்டன்' என்றால் விட்டுவிட்டார்கள். தமிழில் இப்படிக் கடைசி வரை காத்திருப்பது நமக்கு இயல்பு. ஆங்கிலம் வழியாக டச்சு கற்பவர்கள்தான் நடுவிலேயே வினையைத் தேடித் தடுமாறுகிறார்கள். கேட்கும்போது மனதில் ஆங்கிலமாக்காமல் நேரே தமிழாக்கிப் பாருங்கள், வாக்கியம் அதன் வரிசையிலேயே உட்காரும்.

இனி ரேடியோ. பாட்டு நிலையங்களில் பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுதான் ஓடும், நடுவில் அறிவிப்பாளர் அரை நிமிடம் பேசுவார். ஆண்டு முடிவில் ஊரே கேட்கும் ரேடியோ 2-இன் டாப் 2000 வரிசையும் அப்படித்தான். பேச்சு வேண்டுமென்றால் பொது ஒலிபரப்பான என்பிஓவின் ரேடியோ 1. அதில் மணிக்கு மணி செய்தி வரும். இந்தச் செய்தி அறிக்கையின் பயன் திரும்ப வருவதில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வந்த செய்தி எட்டு, ஒன்பதிலும் வரும், வரிகள் கொஞ்சம்தான் மாறும். ஏழு மணிக்கு ஊர்ப்பெயர் மட்டும் பிடிபடும், எட்டில் யார் என்பது தெரியும், ஒன்பதில் வினை விழும். ஒரே காலையில் மூன்று அறிக்கை, மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம். அரட்டை நிகழ்ச்சியை ஒரு மணி நேரம் கேட்பதைவிட இதில் லாபம் அதிகம்.

அதிலும் பொன்னான பகுதி போக்குவரத்து நெரிசல் அறிவிப்பும் வானிலையும். இரண்டுக்கும் வாக்கிய அமைப்பு மாறவே மாறாது. நெரிசல் அறிவிப்பு இப்படி இருக்கும்: "ஆ ட்வால்ஃப், உத்ரெஹ்ட் ரிஹ்டிங் டென் ஹாஹ், டஸ்ஸன் வூர்டன் என் ஹவ்டா, ஸெஸ் கிலோமேட்டர்." ஏ12 சாலை, உத்ரெக்டிலிருந்து ஹேக் திசை, வூர்டனுக்கும் கௌடாவுக்கும் இடையே ஆறு கிலோமீட்டர். தாளில் நான்கு கட்டம் போட்டுச் சாலை எண், திசை, இரண்டு ஊர், கிலோமீட்டர் அல்லது தாமத நிமிடம் என்று நிரப்புங்கள். பலகையில் தினமும் படிக்கும் ஊர்ப்பெயர் காதில் எப்படி விழும் என்பது இதில்தான் பிடிபடும்.

எண்கள்தான் பெரிய தலைவலி. டச்சில் ஒன்றாம் இடம் முதலில் வரும்: 24 என்பது 'ஃபீர்-என்-ட்விந்தஹ்', நான்கும் இருபதும். நான்கு என்று கேட்டதும் கை 4 எழுதிவிட்டால் 42 ஆகிவிடும். சொல் முழுதாக முடியும்வரை பேனா தாளைத் தொடக்கூடாது. தொலைபேசி எண்களையும் டச்சுக்காரர்கள் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள், அங்கே இது பணத்தையும் நேரத்தையும் காப்பாற்றும். வானிலையில் வெப்பநிலையை மட்டும் தினமும் எழுதிவந்தாலே இந்தப் பழக்கம் வந்துவிடும். மணி சொல்வதும் இப்படியே: 'ஹால்ஃப் அஹ்ட்' என்பது எட்டரை அல்ல, ஏழரை. 'டீன் ஃபோர் ஹால்ஃப் அஹ்ட்' என்றால் ஏழரைக்குப் பத்து நிமிடம் முன், அதாவது 7:20. அறிவிப்பாளர் மணி சொன்னதும் கைபேசியைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நீளமான தமிழ்ப் பெயரை நகராட்சி அலுவலகத்திலும் தொலைபேசியிலும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருப்பவர்களுக்கு லிங்கோ என்ற வார்த்தைப் போட்டி உதவும். ஐந்தெழுத்துச் சொல்லை யூகித்து, போட்டியாளர்கள் எழுத்துகளை உரக்கச் சொல்வார்கள். டச்சில் 'ஈ' என்று சொன்னால் ஆங்கில 'ஐ' எழுத்து, 'ஏ' என்றால் ஆங்கில 'ஈ' எழுத்து. இந்த இரண்டில்தான் பெயர்கள் ஆவணத்தில் சிதைகின்றன. எதிரில் இருப்பவர் எழுத்தைத் திரும்பச் சொல்லும்போது தவறைப் பிடிக்கவும் இதே பயிற்சி வேண்டும்.

ஏ2-க்கு அடுத்த படியான பி1 தாண்டியபின் தொடர்கள். ஹூடெ டெய்டன், ஸ்லெஹ்டெ டெய்டன் 1990 முதல் ஓடும் நெடுந்தொடர். தரத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, ஆனால் அழுகை, சண்டை, மன்னிப்பு என்று வீட்டுப் பேச்சு முழுக்க அதில் இருக்கிறது. நேற்று நடந்ததையே இன்றும் நாலு பேர் பேசுவதால் ஒரு பகுதி தவறினாலும் நட்டமில்லை. விவசாயிகளுக்குத் துணை தேடும் பூர் ஸூக்ட் ஃப்ராவ் நிகழ்ச்சியில் வட்டார வழக்கு அதிகம், கொச்சை கூடினால் டச்சுக்காரர்களுக்கே கீழே வசனம் போடுவார்கள். இரவு விவாத நிகழ்ச்சிகளைக் கடைசிக்கு வையுங்கள். நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் பேசுவார்கள், சிரிப்பு முழுக்க உள்ளூர் அரசியல்.

உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறும். ஒலிபரப்பு நகரமான ஹில்வர்சம் பக்கத்து அறிவிப்பாளர்கள் பலர் அசைக் கடைசி 'ர்' ஒலியை ஆங்கிலம்போல் சுருட்டுவார்கள், உங்கள் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த 'ர்' அங்கே கேட்காது. தெற்கே போகப்போகத் தொண்டை ஒலி மென்மையாகும். ஒம்ரோப் ஃப்ரீஸ்லான் நிலையத்தை வைத்துவிட்டு ஒன்றும் புரியவில்லையே என்று மனம் தளர வேண்டாம், அங்கே பேசுவது பெரும்பாலும் ஃப்ரீசிய மொழி, அது தனி மொழி. ஆண்ட்வெர்ப், கென்ட் பக்கம் இருப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே பெல்ஜியத்தின் விஆர்டி நிலையங்களையும் அவர்களுடைய சிறுவர் செய்தியான கரெவீட்டையும் எடுத்துக்கொள்வது நல்லது. முதல் மாதங்களில் இரண்டு நாட்டு உச்சரிப்பையும் கலந்து கேட்டால் எதுவும் நிலைக்காது.

குடும்ப விசாவுக்கான அடிப்படைத் தேர்வுக்கு ஊரிலிருந்தே தயாராகிறவர்களுக்கு: என்பிஓவின் இணையக் காணொளிகளில் பல நெதர்லாந்துக்கு வெளியே திறக்காது. சிறுவர் செய்தித் துணுக்குகள் யூடியூபில் கிடைக்கும், ரேடியோ நேரலை எங்கிருந்தும் கேட்கும். இந்திய நேரம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி முன்னால் இருப்பதால், அங்கே காலை ஏழு மணிச் செய்தி இங்கே 10:30 அல்லது 11:30-க்கு வரும். காலை நெரிசல் அறிவிப்புகள் நிறைய வருவதும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான்.