கத்தரிக்கோலுக்கு ஆகாத பாட்டு

துணி வெட்டும்போது நான் வாய்ப்பாட்டுக் கேட்பதில்லை. பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. ஒரு கல்யாண சாறிக்கான பிளவுஸ். கைச்சுற்று 12 அங்குலம் என்று கொப்பியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பாட்டில் எங்கோ ‘பத்து’ என்று வந்தது. நானும் 10 அங்குலத்தில் சோக்கால் கோடு போட்டு வெட்டிவிட்டேன். மிச்சத் துணியில் ஒட்டுப் போட்டு, ஒட்டை மறைக்க மணி வேலை செய்து கொடுத்தேன். மணப்பெண்ணுக்கு அந்த மணிதான் மிகவும் பிடித்ததாம்.

அன்றிலிருந்து வெட்டும் நேரத்துக்கு நாதஸ்வரமும் தவிலும் மட்டும்தான். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் கிடைத்துவிட்டால் வேறெதுவும் வேண்டாம். தவிலிலும் கணக்கு இருக்கிறது. ஆனால் அது என் அங்குலங்களோடு சண்டைக்கு வராது. பாடசாலை தொடங்குவதற்கு முன் வெள்ளைத் துணி குவியும் நாட்களில் பைலா என்ற நம் ஊர்த் துள்ளல் பாட்டு. நீட்டுத் தையலுக்கு அதைவிட நல்ல துணை இல்லை, கால் தானாக மிதிக்கும். கொக்கி வைக்க, கையால் ஓரம் மடித்துத் தைக்கப் பழைய பாட்டுகள்.

2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை என்ற பாட்டுச் செயலி இலங்கைக்கு வந்தபோது, ‘பாட்டுக்கு மாதக் காசா?’ என்று சிரித்தவள் நான். என் மனத்தை மாற்றியது ஒரு செத்தவீடு. யாரோ ஒருவர் தன் கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்து, ஏதோ ஒரு இலவசச் செயலியில் சிவபுராணம் போட்டிருந்தார். 95 அடியும் ஓடி முடிந்தது. அடுத்த பதிகம் வருவதற்குள் விளம்பரத்தில் ஒரு பெண் குரல், ‘கொண்டாடத் தயாரா?’ என்று கேட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்த மாதமே காசு கட்டத் தொடங்கினேன்.

காசு கட்டினால் பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதன் அருமை 2022இல் தெரிந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாத நிலை வந்தது. சில வேளைகளில் சிக்னலும் சேர்ந்து போனது. மோட்டரைக் கழற்றிவிட்டு மாமியின் பழைய மிதி மெஷினுக்குத் திரும்பினேன். கைப்பேசியில் இறக்கி வைத்த பாட்டுத்தான் துணை. டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒலித்தரத்தை 96 கிலோபிட்டில் வைத்தால் மணிக்குச் சுமார் 43 மெகாபைட் போகும், 320இல் வைத்தால் 144. தையல் மெஷின் சத்தத்துக்குள் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் இருந்தால் அவருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துத் தருகிறேன்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. அம்மா காலத்தில் இலங்கை வானொலிதான் கடிகாரம். இந்த நிகழ்ச்சி தொடங்கினால் உலை வைக்க வேண்டும், செய்தி வந்தால் அப்பா வீட்டுக்கு வரும் நேரம். இந்தச் செயலிக்கு நேரமே கிடையாது. பட்டியல் முடிந்தாலும் அதே சாயலில் எதையாவது தேடிப் பிடித்துப் பாடிக்கொண்டே இருக்கும். இரண்டு முறை சோறு அடிப்பிடித்தது. பிறகு ‘சோறு’ என்றே ஒரு பட்டியல் போட்டேன்: 5 பாட்டு, 22 நிமிடம். தானாகத் தொடரும் வசதியை அமைப்பில் போய் நிறுத்திவிட்டேன். பாட்டு நின்றால் ஓடிப்போய் அடுப்பைப் பார்க்க வேண்டும். கடைசிப் பாட்டு எனக்கு மிகவும் பிடித்த பாட்டாக இருந்தது. இப்போது அதை எங்கே கேட்டாலும் கஞ்சி வடிக்கும் அவசரம் வந்துவிடுகிறது.

விடியற்காலை மாமியின் முறை. சம்பந்தர் நம் திருகோணமலைக் கோணேசர்மேல் பாடிய பதிகம் தினமும் ஓட வேண்டும். பண் புறநீர்மை. ஓதுபவர் யாராக இருந்தாலும் மாமி பிழை கண்டுபிடிப்பார். “ஏன் பிள்ளை இவர் இப்படி ஓடுகிறார், பஸ் போய்விடுமா?” என்பார். வீட்டில் எல்லோருக்கும் செயலியில் ஒரே கணக்குத்தான்: அதில் பதிகம், பைலா, தவில், மகனின் ஆங்கில ராப். வருட முடிவில் செயலி எங்கள் ரசனையைக் கணித்து ஒரு படம் அனுப்பியது. அப்படி ஒரு மனிதர் நிஜமாகவே இருந்தால் அவரோடு ஒரு நாள் கதைத்துப் பார்க்க ஆசை.

டொரன்டோவில் தங்கை தன் கைக்குழந்தையைத் தூங்க வைக்கக் கடல் அலைச் சத்தம் போடுகிறாள். திருகோணமலைக் கடற்கரையில், திருக்கடலூரில் பிறந்தவளுக்கு வந்த நிலை! ஒருநாள் வீடியோ அழைப்பில் அந்தச் சத்தம் கேட்டது. மாமி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “இது நம்முடைய கடல் இல்லை. கல்லில் அடிக்கிற அலை. மணலில் ஏறுகிற சத்தம் இல்லையே” என்றார். தங்கை பெயரைப் பார்த்தாள். ‘கடல் அலை, 8 மணி நேரம்’ என்று மட்டும்தான் போட்டிருந்ததாம்.

மறுநாள் மாமியின் கட்டளைப்படி, விடிய 5 மணிக்குக் கரைக்குப் போய், ஒரு வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்து 40 நிமிடம் பதிவுசெய்து அனுப்பினேன். முப்பதாவது நிமிடத்தில் ஒரு காகம் கத்துகிறது. சரியாக அந்த இடத்தில் பிள்ளை எழுந்துவிடுகிறதாம். காகத்தை வெட்டிவிட்டு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாள் தங்கை.